அருமை, தட்டுப்பாடு, பஞ்சம்: 2019ல ஒரு சம்ப்புக்குள்ள பாத்த பொருளாதாரம்

2019 மே மாசக் கடைசில எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. நாளைல இருந்து காலைல 6ல இருந்து 7.30, சாயங்காலம் 6ல இருந்து 7.30, அவ்ளோதான் தண்ணி, பக்கெட்ல புடிச்சு வெச்சுக்கோங்க, ப்ளீஸ் கோஆப்பரேட். நாங்க இருக்கறது சென்னைல ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம். பெரிய பெரிய கண்ணாடி பில்டிங் எல்லாம் இருக்கும், ஆனா அப்போ எங்க தெருவுக்கு மெட்ரோ வாட்டர் (சென்னை குடிநீர் வாரியம்) பைப் கிடையாது. வீடு வாங்கினப்போவே பாதி போர் (ஆழ்துளைக் கெணறு) தண்ணி பாதி லாரி தண்ணின்னுதான் சொல்லி வித்தாங்க. அந்த வருஷம் போர்ல தண்ணி இறங்கிடுச்சு, மோட்டார் போட்டா பத்து நிமிஷம் தண்ணி வரும் அப்புறம் காத்துதான் வரும், அதனால முழுக்க முழுக்க லாரிதான்.

ஞாயித்துக்கிழமை மீட்டிங் போட்டாங்க. வழக்கமா பத்து பேர் கூட வராத மீட்டிங்குக்கு அன்னிக்கு உக்கார சேர் பத்தல. கேள்வி ஒண்ணுதான், லாரி காச எப்டி பிரிக்கறது. வீட்டுக்கு இவ்ளோன்னு சமமா பிரிக்கலாம்னு ஒருத்தர், நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம் மூணாவது மாடில அஞ்சு பேர் இருக்காங்க எப்டி சமம்னு இன்னொருத்தர், தலைக்கு இவ்ளோன்னா நாலாவது மாடி பேச்சிலர் பசங்க நாங்க பாதி நாள் ஆபீஸ்லதான் குளிக்கிறோம்னு (உண்மையாவே சொன்னாங்க), பூட்டிக் கிடக்கற வீட்டோட ஓனர் அமெரிக்கால இருந்து ஃபோன்ல ஸ்பீக்கர்ல வந்து நான் ஒரு சொட்டு கூட யூஸ் பண்ணல நான் எதுக்குங்க குடுக்கணும்னு கேட்டாரு. செகரட்டரி மாமா பாவம், பிபி மாத்திரை போட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டு போனவரு திரும்ப வரல.

எனக்கு என்னமோ அந்த ரெண்டு மணி நேரச் சண்டையதான் காலேஜ்ல மூணு வருஷம் பொருளாதாரம்னு சொல்லிக் குடுத்தாங்கன்னு தோணுச்சு.

லயனல் ராபின்ஸ்னு ஒருத்தர், லண்டன்ல பேராசிரியரா இருந்தவரு, 1932ல பொருளாதாரம்னா என்னன்னு ஒரு விளக்கம் சொன்னாரு. நம்ம ஆசைக்கு அளவு இல்ல, அத நிறைவேத்திக்க நம்மகிட்ட இருக்கறதுக்கு அளவு இருக்கு, இருக்கறதயும் பல விதமா பயன்படுத்த முடியும், அப்போ எதுக்கு எவ்ளோன்னு மனுஷன் எப்டி தேர்ந்தெடுக்கறான்னு பாக்கறதுதான் இந்த சப்ஜெக்ட். இதுல அந்த மூணாவது பாயின்ட்தான், பல விதமா பயன்படுத்த முடியும்ங்கறதுதான், உயிர். ஒரு பக்கெட் தண்ணில குளிக்கலாம், துணி துவைக்கலாம், வீடு துடைக்கலாம், ஆனா அதே பக்கெட்ல மூணையும் பண்ண முடியாது. (2019ல பண்ணோம். துணி அலசின தண்ணில தரை துடைச்சு அந்தத் தண்ணிய டாய்லெட்ல ஊத்தினோம். ஆனா அதுக்கும் ஒரு வரிசை இருந்துச்சுல்ல, அது தேர்வுதான்.)

இந்த விஷயத்துக்கு தமிழ்ல மூணு வார்த்தை இருக்கு, மூணையும் நாம கலந்து கட்டி பேசறோம், அங்கதான் பாதி குழப்பம். பஞ்சம்னா மழை பொய்ச்சு ஒண்ணுமே இல்லாம போறது, இல்ல அதுக்கு பக்கத்துல போறது. தட்டுப்பாடுன்னா இப்ப இருக்கற விலைக்கு கேக்கறவன் அதிகம் சரக்கு கம்மி, தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் டிக்கெட் மாதிரி. மூணாவதுக்கு நம்ம ஊர் பாடப்புத்தகம் கிடைப்பருமைன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கு, வாய்ல நுழையாது. இலங்கைல பொருளியல் படிக்கறவங்க அத வெறுமனே அருமைன்னு சொல்லிடறாங்க. எவ்ளோ அழகா இருக்கு பாருங்க, அரிதா இருக்கறதும் அருமைதான், ஒசத்தியா இருக்கறதும் அருமைதான், "இருக்கும்போது அருமை தெரியாது"ன்னு எங்க பாட்டி சொல்றப்போ ரெண்டு அர்த்தமும் சேந்தேதான் வரும். பஞ்சம் வரும் போகும், தட்டுப்பாடு வரும் போகும், அருமை மட்டும் எப்பவும் இருக்கும். ஏரி ரொம்பி வழியற வருஷத்துலயும் உங்க சம்ப்ல (தரைக்கு அடில இருக்கற தண்ணித் தொட்டில) காலைல 6 மணிக்கு இருக்கற சுத்தமான தண்ணி அருமைதான், ஏன்னா அது அங்க வந்து சேர யாரோ குழா போட்டிருக்கணும், கரன்ட் செலவு பண்ணிருக்கணும், க்ளோரின் போட்டிருக்கணும், அந்த ஆளையும் கரன்டையும் வேற எதுக்காவது போட்டிருக்கலாம்.

2018ல நிதி ஆயோக் (மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்ற அமைப்பு) அறிக்கை ஒண்ணு வந்துச்சு ஞாபகம் இருக்கா, டெல்லி, பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் உட்பட 21 நகரத்துல 2020க்குள்ள நிலத்தடி நீர் தீந்துடும்னு. ஃபேஸ்புக் பூரா அதான். 2020 வந்துச்சு போச்சு, போர் தண்ணி இன்னும் வருது. உடனே எல்லாம் சும்மா பயமுறுத்தினாங்கன்னு ஒரு கூட்டம். ரெண்டு பக்கமுமே தண்ணி ஒரு நாள் சட்டுனு தீந்து போற பாட்டில் மாதிரின்னு நெனச்சுட்டாங்கன்னுதான் நான் சொல்லுவேன். அது தீராது, ஆழமா போகும், உப்பா மாறும், காசு கூடும், வரிசை நீளும், கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொருத்தரா "எனக்கு கட்டுப்படியாகல"ன்னு ஒதுங்குவாங்க. அந்த ஒதுங்கறவங்க யாருங்கறதுதான் கேள்வியே.

பழைய புதிர் ஒண்ணு இருக்கு, ஆடம் ஸ்மித் 1776லயே எழுதினது. தண்ணி இல்லாம உயிர் வாழ முடியாது, வைரம் இல்லாம தாராளமா வாழலாம், அப்புறம் ஏன் தண்ணி சல்லிசா கிடைக்குது வைரம் மட்டும் அந்த விலை? அவரால இத சரியா அவிழ்க்க முடியல. அப்புறம் நூறு வருஷம் கழிச்சு, 1870கள்ல, இங்கிலாந்துல ஜெவன்ஸ், ஆஸ்திரியால மெங்கர், சுவிட்சர்லாந்துல உக்காந்து எழுதின பிரெஞ்சுக்காரர் வால்ராஸ், மூணு பேரும் தனித்தனியா ஏறக்குறைய ஒரே பதில புடிச்சாங்க. தண்ணிங்கற மொத்த சரக்கோட மதிப்பு வேற, கடைசியா கைக்கு வர்ற ஒரு பக்கெட்டோட மதிப்பு வேற, விலை அந்த கடைசி பக்கெட்ட வெச்சுதான் அமையுது. இறுதிநிலைப் பயன்பாடுன்னு பரிட்சைல எழுதி மார்க் வாங்கினேன், ஆனா கண்ணால பாத்தது 2019லதான். தண்ணி குறைஞ்ச உடனே முதல்ல நின்னது கார் கழுவறது. யாரும் ரூல் போடல, தானா நின்னுச்சு. அடுத்தது பால்கனி செடி. அப்புறம் தெனம் வீடு துடைக்கறது வாரத்துக்கு ரெண்டு நாளாச்சு. ஷவர் போய் பக்கெட் வந்துச்சு. ஜீன்ஸ் எல்லாம் நாலு நாள் போட்டோம். சமையல்லயும் குடிக்கறதுலயும் கடைசி வரைக்கும் யாரும் கை வைக்கல. எல்லா வீட்லயும் அதே வரிசைதான், ஏதோ மீட்டிங் போட்டு முடிவு பண்ண மாதிரி. எங்க தெருமுனை மெஸ்ல எவர்சில்வர் தட்டு காணாம போய் வாழை இலை வந்துச்சு, அந்த வருஷம் ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் தடை வேற, இல்லனா பிளாஸ்டிக் தட்டு போட்டிருப்பாரு. தட்டு கழுவற தண்ணிய விட இலை மலிவுன்னு அவருக்கு கணக்கு வந்துடுச்சு.

சரி, சென்னைல தண்ணியே இல்லயா? வருஷத்துக்கு சராசரியா 1,400 மில்லிமீட்டர் பக்கம் மழை பெய்யற ஊரு இது. எப்ப பாத்தாலும் தூறிட்டே இருக்கறதா நாம நெனச்சுக்கற லண்டன்ல இதுல பாதி கூட பெய்யாது. ஆனா அங்க வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா, இங்க அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சில நாள்ல மொத்தமா கொட்டிட்டுப் போயிடும். புடிச்சு வெக்க அப்போ இருந்தது பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரி, நாலும் சேத்து 11 டிஎம்சி சொச்சம் (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி). 2015 டிசம்பர் 1, 2 தேதில தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் பெஞ்சு, அடையாறு ஊருக்குள்ள வந்து, மொட்டை மாடில இருந்து ஆளுங்கள போட்ல எறக்கினாங்க. மூணரை வருஷத்துல, 2019 ஜூன்ல, அதே நாலு ஏரிலயும் சேத்து கொள்ளளவுல 1 சதவீதம் கூட இல்ல. செம்பரம்பாக்கம் வெடிச்சுக் கிடந்த ஃபோட்டோ உலகம் பூரா போச்சு. நடுவுல 2016லயும் 2018லயும் வடகிழக்கு மழை ஏமாத்துனது ஒரு காரணம்தான், ஆனா வேணாங்கற நேரத்துல வந்தத வேணுங்கற நேரத்துக்கு கொண்டு போக எடம் இல்லாததும் ஒரு காரணம், அந்த எடத்துல எல்லாம் (பள்ளிக்கரணை சதுப்பு நிலத்த சேத்துதான்) நாம வீடு கட்டி உக்காந்திருக்கோம். நானும்தான்.

மெட்ரோ வாட்டர் ஒரு நாளைக்கு 83 கோடி லிட்டர் குடுத்துட்டு இருந்தத 52.5 கோடிக்கு இறக்கிட்டாங்க. இப்ப கேள்வி, கம்மியா இருக்கறத யாருக்குக் குடுக்கறது? இதுக்கு உலகத்துல வழி ரொம்ப இல்ல. விலை ஏத்தலாம், வரிசைல நிக்க வெக்கலாம், ஆளுக்கு இவ்ளோன்னு அளந்து குடுக்கலாம், இல்லன்னா கை நீளமா இருக்கறவன் எடுத்துக்கட்டும்னு விட்டுடலாம். அந்த கோடைல சென்னை நாலையும் ஒரே நேரத்துல பண்ணுச்சு, ஏரியாவுக்கு ஒண்ணா.

எங்களுக்கு விலை. பிரைவேட் லாரி ரேட் ரெண்டு மாசத்துல ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, அதுவும் முந்தின நாளே ஃபோன் போட்டு கெஞ்சணும். எல்லாரும் லாரிக்காரன் கொள்ளையடிக்கறான்னு திட்டினோம். திட்டறது நியாயம்தான், கொஞ்சம் பேர் நல்லாவே சம்பாதிச்சாங்க, ஆனா அந்த ஏறுன விலை ஒரு வேலை செஞ்சுது, அத ஒத்துக்கணும். முன்னாடி திருப்போரூர் பக்கத்துல இருந்து வந்த லாரி அப்புறம் இன்னும் தூரத்துல இருந்து வந்துச்சு. டீசலுக்கும் டிரைவருக்கும் கட்டுப்படியானாதானே அவ்ளோ தூரம் வண்டி ஓட்டுவாங்க, பழைய ரேட்டுக்கே தரணும்னு யாராவது ஆர்டர் போட்டிருந்தா அந்த தூரத்துத் தண்ணி வந்தே இருக்காது. நாங்க குழாய்க்கெல்லாம் ஏரேட்டர் (காத்தோட கலந்து தண்ணிய கம்மியா விடற மூடி) மாட்டுனதும் ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளற தண்ணிய பக்கெட்ல புடிச்சதும் அந்த பில்ல பாத்துட்டுத்தான், விழிப்புணர்வு வீடியோ பாத்து இல்ல.

வரிசை எப்டி இருக்கும்னு எனக்கு சொன்னது எங்க வீட்ல வேலை செய்யற அக்கா. ஓஎம்ஆர் பக்கத்துலயே, குடிசைப் பகுதி மக்கள குடியேத்தின கண்ணகி நகர்ல இருந்து வருவாங்க. வழக்கமா 8 மணிக்கு வர்றவங்க அந்த ஜூன்ல ஒரு நாள் 10, ஒரு நாள் 11, ஒரு நாள் வரவே இல்ல. நான் கொஞ்சம் மூஞ்சி காட்டினேன்னு வெச்சுக்கோங்க. "இன்னாமா பண்றது, லாரி ராத்திரி ரெண்டு மணிக்கு வருதுன்னாங்கோ, நாலு மணிக்கு வந்துச்சு, கொடத்த வெச்சுட்டு தூங்கிட்டா எவனாவது நவுத்திடறான்" அப்டின்னாங்க. அந்த தண்ணி அவங்களுக்கு இலவசம். எங்களுக்கு காசு. பேப்பர்ல பாத்தா அவங்களுக்குத்தான் லாபம். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, அஞ்சு ஆறு மணி நேரம் தூக்கம் போச்சு, ரெண்டு வீட்டு வேலை அந்த மாசம் கைய விட்டுப் போச்சு, பத்தாவது படிக்கற பொண்ணு காலைல குடத்துக்கு காவலா நின்னுச்சு. பொருளாதாரத்துல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு உண்டு, ஒண்ண எடுக்கறதுக்காக நாம விட்ட இன்னொண்ணுதான் உண்மையான விலை. அப்டி பாத்தா ஒரு குடத்துக்கு என்ன விட அவங்கதான் அதிகம் குடுத்தாங்க.

இதுல இன்னொரு கொடுமையும் இருக்கு. நான் குடுத்த காசு லாரிக்காரருக்குப் போச்சு, அவர் டிரைவருக்குக் குடுத்தாரு, கெணத்துக்காரருக்குக் குடுத்தாரு, எங்கயோ யாருக்கோ பயன்பட்டுச்சு. அக்கா வரிசைல குடுத்த ஆறு மணி நேரம் யாருக்குமே போய்ச் சேரல, காத்தோட போச்சு. வரிசைல நிக்க வெக்கறது ஏழைங்களுக்கு நியாயமான வழின்னு நாம சுலபமா சொல்லிடறோம், எனக்கு அது மேல அவ்ளோ நம்பிக்கை இல்ல. அதுக்காக விலைல விட்டுடலாம்னும் சொல்ல முடியாது, அந்த லாரி ரேட்ட கண்ணகி நகர்ல சொன்னா சிரிப்பாங்க. சமமா நிக்கற வரிசைலயும் நேரம் இருக்கறவன் ஜெயிப்பான், காசு இருக்கற கடைலயும் காசு இருக்கறவன் ஜெயிப்பான், என்ன ஒண்ணு, நேரத்த அடுத்த மாசச் சம்பளத்துல புடிச்சுக்கோன்னு கடன் வாங்க முடியாது.

நடுவுல ஒரு ரகம் இருக்கு, மெட்ரோ வாட்டர் லாரிய புக் பண்றது. பிரைவேட் ரேட்ல கொஞ்சம்தான், விலைய ஏத்தல. அதனால என்ன ஆச்சு, அடையாறுல இருக்கற என் சித்தி புக் பண்ணிட்டு வாரக்கணக்குல காத்திருந்தாங்க. விலை ஏறாத எடத்துல வரிசை ஏறும், இது ஒண்ணும் அதிகாரிங்க சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, சரக்கு அவ்ளோதான், கேக்கறவங்க அதுக்கு பல மடங்கு. அவசரம் இருக்கறவன் அவசரம் இல்லாதவன் எல்லாரும் புக் பண்ணி வெச்சுடுவாங்க, எதுக்கும் இருக்கட்டுமேன்னு. அந்த "எதுக்கும் இருக்கட்டுமே" இருக்கு பாருங்க, அது தட்டுப்பாட்ட இன்னும் தட்டுப்பாடாக்கும். வெளியூர் போற குடும்பம் கூட ட்ரம்ம ரொப்பி வெச்சுட்டுத்தான் போனாங்க எங்க பில்டிங்ல.

அளந்து குடுக்கறதுக்கு நல்ல உதாரணம் சென்னைல இல்ல, மூணு வருஷம் கழிச்சு இலங்கைல கிடைச்சுது. 2022ல டாலர் இல்லாம பெட்ரோல் கப்பல் வராம போனப்போ பங்க் வாசல்ல நாள்கணக்குல வண்டி நின்னுச்சு, வரிசைல நின்னே சில பேர் செத்தும் போனாங்க. அப்புறம் க்யூஆர் கோட் கொண்டு வந்தாங்க, ஆரம்பத்துல வாரத்துக்கு கார்க்கு 20 லிட்டர், ஆட்டோக்கு 5, பைக்குக்கு 4. பெட்ரோல் வர்றதும் கொஞ்சம் சீராச்சு, முந்தினவனுக்கே எல்லாம்ங்கறது போனதால நாள்கணக்கு வரிசை சுருங்கிடுச்சு. ஆனா கவனிங்க, ஆட்டோக்காரருக்கு வண்டிதான் பொழப்பு, கார்காரருக்கு பல நேரம் வசதி, அளவு என்னமோ தலைகீழா இருந்துச்சு. அப்புறம் ஆட்டோக்கு கூட்டினாங்க. அளக்கறதுன்னு வந்துட்டா யாருக்கு எவ்ளோ தேவைன்னு எங்கயோ ஒரு ஆபீஸ்ல உக்காந்து யாரோ ஒருத்தர் முடிவு பண்ணித்தான் ஆகணும், எங்க மீட்டிங்ல வந்த அதே சண்டைதான், ஒரு நாட்டு அளவுல.

நாலாவது வழி, கை நீளம். இங்க கைன்னா போர். 1882ல வெள்ளைக்காரன் போட்ட ஈஸ்மென்ட் (நில அனுபோக உரிமை) சட்டத்துல இருந்து வர்ற பழக்கம், என் நெலத்துக்கு அடில இருக்கற தண்ணி எனக்கு. மேல காம்பவுண்டு சுவர் இருக்கு, அடில தண்ணிக்கு காம்பவுண்டு கிடையாது. நான் 200 அடி போட்டா பக்கத்து அபார்ட்மென்ட் 300 போடும், என் போர் காஞ்சதும் நான் 400 போடணும். ஆளாளுக்கு பாத்தா அவங்க அவங்க முடிவு சரிதான், எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா முட்டாள்தனம். கடலோரத்துல இன்னும் மோசம், உறிஞ்ச உறிஞ்ச கடல் தண்ணி உள்ள வந்துடும், மீஞ்சூர் பக்கம் வயல் கெணறெல்லாம் உப்பாப் போன கதை பல வருஷத்துக் கதை. 1987லயே சென்னைக்குன்னு நிலத்தடி நீர் சட்டம் போட்டாச்சு, லைசென்ஸ் வாங்கித்தான் எடுக்கணும். நான் பாத்த வரைக்கும் எங்க தெருல போர் லாரி ராத்திரிலதான் வந்துச்சு, அதுலயே தெரிஞ்சுக்கோங்க. நம்ம ஊர்ல உருப்படியா நடந்த ஒண்ணு 2003ல எல்லா கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஜெயலலிதா போட்ட உத்தரவுதான். அடுத்து ரெண்டு மூணு நல்ல மழை வருஷம் வந்தப்போ பல எடத்துல கெணறு ஏறினத மைலாப்பூர் பக்கம் பழைய ஆளுங்க இன்னும் சொல்லுவாங்க. எங்க பில்டிங்லயும் அந்த குழி இருக்கு, 2019ல தொறந்து பாத்தா உள்ள சிமென்ட் மூட்டை சாக்கு.

இப்ப அந்த லாரில வந்த தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம், ஏன்னா நாங்க காசு குடுத்துட்டோம் முடிஞ்சுதுன்னு நெனச்சோம். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து விவசாயக் கெணறு. மெட்ரோ வாட்டரே பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயிங்ககிட்ட காசு குடுத்து கெணத்துத் தண்ணி எடுத்துச்சு, மாங்காடு பக்கத்துல சிக்கராயபுரம் கல்குவாரில நின்ன தண்ணியக் கூட சுத்திகரிச்சு குழாய்ல விட்டாங்க. விவசாயி கணக்கு சிம்பிள், ஒரு லோடு தண்ணிய வித்தா உடனே கைல காசு, அதே தண்ணிய நெல்லுக்கு விட்டா மூணு மாசம் கழிச்சு என்ன விலையோ. அவரு விக்கறதுல தப்பு இல்ல. ஆனா கெணறு இல்லாத பக்கத்து வயக்காரரு, களை எடுக்கப் போற அம்மா, இவங்களுக்கு அந்த லோடுல பங்கு இல்ல, நஷ்டம் மட்டும் உண்டு. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் அப்டித்தான். 2004ல இருந்து 235 கிலோமீட்டர் குழாய்ல நாளைக்கு 18 கோடி லிட்டர் சென்னைக்கு வர்ற மாதிரி கட்டினது, அந்த ஏரி முதல்ல காட்டுமன்னார்கோயில் பக்கத்து பாசனத்துக்கு இருக்கறது. கிருஷ்ணா ஆத்துத் தண்ணிக்கு மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூணும் தங்க பங்குல இருந்து ஆளுக்கு 5 டிஎம்சி தர்றதா ஒத்துக்கிட்டாங்க, 1996ல முதல்ல வந்துச்சு, போற வழில இருக்கறவங்களுக்கும் தாகம் எடுக்கும்ல, அதனால கணக்குல இருக்கற அளவு வந்த வருஷம் குறைவு. கடல் தண்ணிதான் யார்கிட்டயும் பிடுங்காம கிடைக்கும்னு நெனச்சா (மீஞ்சூர் பிளான்ட் 2010, நெம்மேலி 2013, ரெண்டும் தலா நாளைக்கு 10 கோடி லிட்டர்), ஆயிரம் லிட்டருக்கு மூணு நாலு யூனிட் கரன்ட் தின்னும். எங்கயோ ஒருத்தர் விட்டுக் குடுக்காம நம்ம பக்கெட்ல ஒரு லிட்டர் ஏறாது.

ரயில் கதைய சொல்லாம 2019 முடியாது. ஜூலை 12, ஜோலார்பேட்டைல இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்துச்சு, மாலை போட்டு, அமைச்சருங்க வந்து, டிவி எல்லாம் லைவ். அரசு 65 கோடி ரூபா ஒதுக்கியிருந்துச்சு, திட்டம் நாளைக்கு 1 கோடி லிட்டர். குறைச்ச பிறகும் மெட்ரோ வாட்டர் நாளைக்கு குடுத்தது 52.5 கோடின்னு மேல சொன்னேன்ல, அதுல ஒரு ரயில் அரை சதவீதம். நாலு ட்ரிப் அடிச்சாலும் ரெண்டு சதவீதத்துக்கு கீழதான். அப்போ நான் கூட இது சும்மா ஷோன்னு கிண்டல் பண்ணேன். இப்ப யோசிச்சா முழுக்க அப்டி சொல்ல முடியல. கார் கழுவற பக்கெட்டும் குடிக்கற குடமும் ஒண்ணு இல்லயே, அந்த அரை சதவீதம் குழாய் காஞ்ச ஒரு ஏரியாக்கு குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் போனா அதோட மதிப்பு லிட்டர் கணக்குல தெரியாது. மத்தபடி ஜோலார்பேட்டை பக்கத்து ஊர்க்காரங்க எங்க தண்ணிய எடுக்காதீங்கன்னு கேட்டதயும் ஞாபகம் வெச்சுக்கணும், அவங்களுக்கும் அதே குடம்தான்.

அந்த ஜூன்ல ஓஎம்ஆர் கம்பெனி பல பேர் வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னு அனுப்பிட்டாங்க. ஆபீஸ்ல தண்ணி மிச்சம். எங்களுக்கு? ஆபீஸ்ல போற டாய்லெட்ட வீட்ல போனோம், அவ்ளோதான் வித்தியாசம், லாரி பில் மட்டும் கம்பெனி கணக்குல இருந்து அசோசியேஷன் கணக்குக்கு மாறுச்சு. பேச்சிலர் பசங்க மூஞ்சிய பாக்கணுமே.

மீட்டிங் என்ன ஆச்சுன்னு சொல்லல. கடைசில தலைக்கும் வேணாம் வீட்டுக்கும் வேணாம், எவ்ளோ யூஸ் பண்றாங்களோ அவ்ளோ காசு, மீட்டர் போடுங்கன்னு ரெண்டாவது மாடி மேடம் சொன்னாங்க, எனக்கு அதுதான் சரின்னு பட்டுச்சு. பிளம்பர் வந்து பாத்துட்டு தலைய சொறிஞ்சாரு. ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் இல்ல, கிச்சனுக்கு ஒண்ணு, ரெண்டு பாத்ரூமுக்கு ரெண்டு, துணி துவைக்கற எடத்துக்கு ஒண்ணுன்னு நாலு லைன் மேல டேங்க்ல இருந்து தனித்தனியா இறங்குது, அப்போ வீட்டுக்கு நாலு மீட்டர், கொட்டேஷன் வந்ததும் பாதி பேருக்கு தண்ணிப் பிரச்சனையே மறந்து போச்சு. அமெரிக்கா ஓனர் மெயில்லயே யெஸ் போட்டாரு. அஞ்சு பேர் இருக்கற வீடு நோ. ஆகஸ்ட், செப்டம்பர்ல நல்லா ரெண்டு மழை பெஞ்சுது, லாரி ரேட் இறங்குச்சு, பூட்டிக் கிடந்த குழாயத் தொறந்து விட்டாங்க, மூணாவது நாள் காலைல பார்க்கிங்ல யாரோ பைப் போட்டு கார் கழுவிட்டு இருந்தாங்க. மீட்டர் விஷயத்த அடுத்த கோடைல பாத்துக்கலாம்னு மினிட்ஸ் புக்ல எழுதி கையெழுத்து போட்டாச்சு. அடுத்த கோடை 2020. எல்லாரும் 24 மணி நேரமும் வீட்லயேதான் இருந்தோம், லாரியும் வந்துச்சு, மீட்டிங்தான் போட முடியல.